வில்லுக்கத்தியைத் தீட்டுவதும் உப்புக் காற்றில் காப்பதும்

இலங்கையின் கிழக்கில், வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரையோரத்தில் வில்லுக்கத்தி, அதாவது மடக்குக் கத்தி, மழுங்குவதற்கு வெட்டு வேலை மட்டும் காரணம் இல்லை. உப்பும் பாதிக் காரணம். நன்றாகத் தீட்டிய கத்தி வாயின் உச்சி ஒரு மைக்ரோன் தடிப்புக்கூட இருக்காது. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு கறள் ஏறினாலே கூர் போய்விடும். கடல் தண்ணீர் பட்ட கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைத்தால், முதல் நாள் கடதாசியைக் கீறிய அதே வாய் அடுத்த நாள் தக்காளித் தோலில் வழுக்கும். அலகு பளபளவென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, திரும்பவும் கல்லை எடுத்துத் தேய்ப்பார்கள். இப்படியே தேய்த்துத் தேய்த்து நல்ல கத்தியை ஈர்க்கில் ஆக்கியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அதனால் தீட்டும் முறையோடு கழுவும் முறையையும் சேர்த்தே படியுங்கள்.

என்ன கத்தி, என்ன இரும்பு

கல்லை எடுக்க முன் கையிலிருப்பது எந்த வகை என்று பாருங்கள். முதுகிலுள்ள வில்லின் இழுவை மட்டுமே அலகைத் திறந்தபடி வைத்திருப்பது ஒரு வகை. விக்டோரினாக்ஸின் சிறிய கத்திகள் இப்படித்தான். இதில் பூட்டுக் கிடையாது, முனையால் குத்தினால் அலகு விரலின் மேல் மடங்கும். பிடியின் முதுகை அமுக்கிப் பூட்டை விடுவிப்பது இன்னொன்று. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்குவது லைனர் லாக். மலிவாகக் கிடைக்கும் கத்திகளில் பல இந்த வகை. பிரான்சின் ஒப்பினெல் போல, வளையத்தைத் திருப்பிப் பூட்டும் மரப்பிடிக் கத்தியும் உண்டு. தீட்டும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. கழுவுவதும் எண்ணெய் விடுவதும்தான் வேறுபடும்.

இரும்பு இரண்டு விதம். குரோமியம் குறைந்தது 10.5 வீதம் இருந்தால் அது ஸ்டெயின்லெஸ். இல்லையென்றால் கார்பன் இரும்பு. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸையும் காந்தம் இழுக்கும். அலகின் அடிப்பக்கம் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். சாம்பல் நிறமாக மாறினால் கார்பன். அது நன்றாகக் கூர் ஏறும், சீக்கிரம் கறளும் ஏறும். ஸ்டெயின்லெஸ் என்றால் கறளே வராது என்று நினைக்க வேண்டாம். உப்பு அதன் மேல்தோலை ஊசி குத்தியது போல் அங்கங்கே துளைக்கும், அந்தக் குழி வாயில் விழுந்தால் அங்கே கூர் நிற்காது.

பெயரே இல்லாமல் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் பொறித்து வரும் மலிவுக் கத்திகள் பெரும்பாலும் மென்மையான இரும்பு. ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும், ஒரு நாள் வேலையில் இறங்கும். அதற்கு விலை கூடிய கல் வாங்குவது வீண்.

கல்

ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் இரட்டைக் கல்லில் ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் கொஞ்சம் நைசு. வழக்கமான அளவு 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குல உயரம். கரட்டுப் பக்கம் 120 கிரிட்டை ஒட்டியும் நைசுப் பக்கம் 240ஐ ஒட்டியும் இருக்கும். கிரிட் எண் கூடக் கூட நைசு கூடும். மண்வெட்டிக்கும் கோடரிக்கும் அது போதும். வில்லுக்கத்திக்கு இதற்கு மேல் 1000 கிரிட் கல் ஒன்று வேண்டும். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 400, 1000 இரண்டும் இரு பக்கமாக உள்ள கல்லை வாங்குங்கள். 3000, 6000 எல்லாம் பொழுதுபோக்கு.

நைலோன் கயிறும் வலை நூலும் வெட்டுகிறவர்களுக்கு 1000கூட அவசியமில்லை. 240-400 கிரிட்டில் தீட்டிய வாயில் நுண்ணிய பற்கள் இருக்கும், கயிற்றை அவை கடித்து இழுக்கும். அதே கத்தியை 3000 வரை மினுக்கினால் ஈர நைலோனில் வழுக்கும். மாம்பழம் சீவ, கடதாசி வெட்ட, மருதமுனைத் தறிகளில் நூல் நறுக்க 1000 நல்லது.

கல்லே வாங்காமலும் செய்யலாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேலோ தரை ஓட்டின் மேலோ வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் மண்தாள்) ஈரமாக்கி ஒட்டி, 400, 600, 1000 என்று மாற்றிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு விதி: கத்தியை முதுகு முன்னே போக இழுக்க வேண்டும். வாய் முன்னே போனால் பேப்பர் கிழியும். பீங்கான் கப்பின் அடியில் மினுக்கில்லாத வளையம் ஒன்று இருக்குமே, அதிலும் அவசரத்துக்கு ஏழெட்டுத் தடவை இழுத்துக்கொள்ளலாம். சீமெந்துப் படி வேண்டாம். அதிலுள்ள மணல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன், வாயை அங்கங்கே உடைத்துவிடும்.

கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா என்றால், தண்ணீர். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் இன்னும் நல்லது. கல்லில் ஒருமுறை எண்ணெய் ஊறிவிட்டால் பிறகு தண்ணீர் பிடிக்காது, கடைசி வரைக்கும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயை மட்டும் கல்லில் விடவே வேண்டாம். நாளாக நாளாகக் கெட்டுப்போய்க் கல்லின் கண்களை அடைத்துவிடும்.

கல் நடுவில் குழிந்திருந்தால் எந்தக் கையும் கோணத்தைக் காக்க முடியாது. பென்சிலால் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். சமமான கண்ணாடியில் 120 கிரிட் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் ஊற்றி, கல்லை அதில் தேயுங்கள். கோடு எல்லாம் அழிந்தால் கல் சமம்.

தெருவில் சுழலும் சாணைச் சக்கரத்தில் வில்லுக்கத்தியைக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடாகும். வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் இரும்பு ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது, நீலம் தெரிந்தால் 290ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தின் பதம் இறங்கிவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் தங்காது. கத்தியை இரண்டு சிறு தகடுகளுக்கு நடுவே விட்டு இழுக்கும் பிளாஸ்டிக் கருவியும் இதே கூட்டம். அது தீட்டுவதில்லை, இரும்பைப் பிய்க்கிறது.

கோணம்

வில்லுக்கத்திக்கு ஒரு பக்கம் 15 முதல் 20 டிகிரி. பழம், காய்கறி, நூல் என்றால் 15ஐ ஒட்டி. கயிறு, உரப்பை, கம்பு சீவல் என்றால் 20. அதற்கு மேல் போனால் வாய் பலமாக இருக்கும், வெட்டும்போது கை நோகும்.

கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட அளப்பது சுலபம். அலகை கல்லில் படுக்கவைத்து, வாய் கல்லைத் தொட்டிருக்க முதுகைத் தூக்குங்கள். அலகின் அகலம் 18 மி.மீ., முதுகின் தடிப்பு 2.5 மி.மீ. என்றால், முதுகின் கீழ் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளி இருந்தால் அது 20 டிகிரி. மூன்றரை மி.மீ. என்றால் 15 டிகிரி. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, அதன் மேல் முதுகை வைத்து, கை அந்த நிலையைப் பழகும் வரை பாருங்கள். அடிமட்டமும் இல்லையென்றால் ஒரு சதுரக் கடதாசியின் மூலையைப் பாதியாக மடியுங்கள், 45 டிகிரி. இன்னொரு முறை பாதியாக மடியுங்கள், இருபத்திரண்டரை. அதைக் கல்லின் மேல் நிறுத்திவைத்து, அலகை அதைவிடக் கொஞ்சம் தாழ்வாகப் பிடித்தால் சரியாக வரும்.

ஏற்கனவே நல்ல கூர் இருந்த கத்தி என்றால் அளக்கத் தேவையில்லை. வாயின் இரு பக்கச் சரிவிலும் அழியாத மை மார்க்கரால் பூசிவிட்டு, கல்லில் இரண்டு இழுவை இழுத்துப் பாருங்கள். மை சரிவு முழுவதும் அழிந்தால் கோணம் சரி. வாயின் உச்சியில் மட்டும் அழிந்தால் முதுகைக் கூடத் தூக்கிவிட்டீர்கள். உச்சியில் மை அப்படியே இருக்க, மேலே மட்டும் அழிந்தால் முதுகு தாழ்ந்துவிட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் ஒவ்வொரு பத்து இழுவைக்கும் ஒருமுறை மை பூசிப் பார்ப்பது நல்லது.

தீட்டுதல்

அலகு சுழலும் ஆணிப் பகுதியை இன்சுலேஷன் டேப்பால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கல்லிலிருந்து வரும் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் அது மணல். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் ஆணியையே தீட்டிக்கொண்டிருக்கும். கல்லுக்கு அடியில் ஈரத் துணி ஒன்றை விரித்தால் கல் நகராது. மேசையின் உயரம் இடுப்புக்குச் சரியாக இருக்க வேண்டும். தரையில் குந்தியிருந்து தீட்டினால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு ஆடத் தொடங்கும்.

வலக்கை பிடியில். இடக்கையின் இரண்டு விரல் நுனிகள் அலகின் தட்டையான பக்கத்தில், வாய்க்குச் சற்று மேலே. அந்த விரல்கள் எங்கே அமுக்குகின்றனவோ அங்கேதான் கல் அறுக்கும். அலகை அடி, நடு, முனை என்று மூன்று துண்டாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் விரல்களை வைத்து முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து இழுவை. அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், சமையலறைத் தராசில் கல்லை வைத்து அமுக்கிப் பாருங்கள்: ஆரம்பத்தில் ஒரு கிலோ, முடிவில் 200 கிராம். வைரத் தகட்டுக் கல் என்றால் ஆரம்பத்திலேயே 300 கிராமுக்கு மேல் வேண்டாம், வைரத் துகள் உதிர்ந்துவிடும்.

முனைக்கு வரும்போது வாய் வளைகிறது. அந்த இடத்தில் பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் சரிவு கல்லில் படும். தூக்குவது முழங்கையிலிருந்து வர வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் கோணம் கெடும். இழுவை முடியும்போது முனை கல்லின் மேலேயே நிற்க வேண்டும். கல்லின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழுந்தால் முனை உருண்டைதான்.

பிசிர்: வேலை முடிந்ததா என்று அது மட்டும்தான் சொல்லும்

ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே போனால், இரும்பு உச்சி வரைக்கும் தேய்ந்து, மறுபக்கம் மெல்லிய இழையாகப் புரளும். அதுதான் பிசிர். பிசிர் வராமல் பக்கத்தை மாற்றினால், எத்தனை நூறு இழுவை இழுத்தாலும் வாயின் உச்சி தொடப்படாமலே இருக்கும். கத்தி தீட்டியும் வெட்டவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இதுதான் குறை.

பிசிரைப் பார்ப்பது இப்படி. தீட்டாத பக்கத்தில், பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாக வழித்து வெளியே விடுங்கள். வாய் நெடுக விரலை ஓட்டக் கூடாது, வாய்க்குக் குறுக்காக மட்டும். பிசிர் இருந்தால் உச்சியில் தோலை லேசாகக் கவ்வும். விரலில் தெரியவில்லையென்றால் பஞ்சுத் துண்டால் அதே திசையில் தடவுங்கள், பிசிர் உள்ள இடத்தில் பஞ்சு இழைகள் ஒட்டிக்கொள்ளும். அடியிலிருந்து முனை வரைக்கும் இடைவெளியில்லாமல் கவ்வ வேண்டும். பெரும்பாலும் அடியில் ஒரு சென்ரிமீற்றரும் முனையில் கொஞ்சமும் விட்டுப்போகும். விட்ட இடத்துக்கு மட்டும் திரும்பப் போங்கள்.

முழு நீளத்துக்கும் பிசிர் வந்ததும் கத்தியைப் புரட்டி, மறுபக்கமும் அதேபோல் செய்து, பிசிரை இந்தப் பக்கம் வரவையுங்கள். பிறகு நைசுக் கல்லுக்கு மாறி, இரு பக்கமும் இன்னொரு முறை. நைசுக் கல்லில் கரட்டுக் கோடுகள் அழியும் வரைதான் வேலை, அதற்கு மேல் தேய்ப்பது இரும்புக்குத்தான் நட்டம்.

இப்போது பிசிரை நீக்குவது. அழுத்தத்தைக் குறைத்து, வாய் முன்னே போக, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பிறகு மூன்று மூன்று. பிறகு ஒன்று ஒன்றாக மாற்றி மாற்றி ஒரு பத்து. கடைசியில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டும் போதும். பிசிர் இன்னும் பக்கம் மாறி மாறிப் புரண்டுகொண்டிருந்தால், முதுகை இரண்டு மூன்று டிகிரி கூடத் தூக்கி, இறகு படுவது போல் பக்கத்துக்கு இரண்டு இழுவை. மென்மையான ஸ்டெயின்லெஸில் பிசிர் அறுந்து விழாமல் வளைந்து வளைந்து நிற்கும். அதற்கு இந்தத் தந்திரம்தான் கை கொடுக்கும்.

முடிவில் தோல். பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தை, அதாவது சொரசொரப்பான பக்கத்தை, மேலே வைத்துப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகு முன்னே போக, பக்கத்துக்குப் பத்து இழுவை. அழுத்தினால் தோல் பள்ளமாகி வாயைச் சுற்றி ஏறும், கூர் உருண்டுவிடும். பச்சை நிறக் குரோமியம் ஒக்சைட் கட்டி கிடைத்தால் மெல்லிதாகப் பூசலாம். கிடைக்காவிட்டால் கல்லின் மேல் பத்திரிகைத் தாளை இறுக்கிச் சுற்றி அதில் இழுத்தாலும் வேலை நடக்கும்.

சோதனைக்குப் பத்திரிகைத் தாள். ஒரு கையில் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து முனை வரை ஒரே இழுவையில் கீறுங்கள். எங்கே தாள் கிழிகிறதோ, வாயின் அந்த இடத்தில் பிசிரோ மழுங்கலோ இருக்கிறது. டோச் லைட் வெளிச்சத்தில் வாயை மேலே பார்க்கப் பிடித்தால் அந்த இடம் வெள்ளிப் புள்ளியாக மின்னும். நல்ல கூருக்கு மினுக்கம் கிடையாது, வெளிச்சத்தைத் திருப்பியனுப்ப அங்கே தட்டையான இடமே இல்லை.

தாளை அழகாகக் கீறிய கத்தி இரண்டு கயிறு வெட்டியதும் மழுங்கினால், நீங்கள் கீறியது பிசிரால். அது நேராக நின்று கூர் போல ஏமாற்றும், முதல் வேலையிலேயே மடியும். திரும்ப முதலிலிருந்து தீட்டத் தேவையில்லை, பிசிர் நீக்கும் கட்டத்தை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

அரிவாள் போலப் பல் வெட்டிய அலகைச் சமக்கல்லில் வைத்துத் தீட்டக் கூடாது. பென்சில் தடிப்புள்ள மரக் குச்சியில் 600 கிரிட் வாட்டர் பேப்பரைச் சுற்றி, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் சரிவுள்ள பக்கத்தால் மட்டும் நாலைந்து தடவை தேய்த்து, மறுபக்கத்துப் பிசிரைக் கல்லில் படுக்கவைத்து ஒரே இழுவையில் எடுத்துவிடுங்கள்.

எப்போது கல், எப்போது தோல்? கூர் கொஞ்சம் இறங்கியதும் தோல். தோலில் இருபது இழுவைக்கும் கூர் திரும்பாவிட்டால் நைசுக் கல். கரட்டுக் கல் வாய் உடைந்தால் மட்டும். கூரை வீணாக்குவதில் முதலிடம் பீங்கான் தட்டிலும் எவர்சில்வர்த் தட்டிலும் வைத்து வெட்டுவதற்கு. அடுத்தது மணல் ஒட்டிய தும்புக் கயிறும் வயலில் கிடந்த உரப்பையும். வெட்ட முன் ஒரு உதறு உதறினாலே பாதி மணல் போகும். வில் உள்ள கத்தியை "டக்" என்று தானே மூட விடுவதும் கெட்ட பழக்கம். பழைய கத்திகளில் வாயின் நடுப்பகுதி வில்லில் அடிபட்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மழுங்கும். கை விடாமல் மெதுவாக மூடுங்கள்.

கழுவுதல்

கடல் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வாவித் தண்ணீரில் அதைவிடக் குறைவு. ஆனால் காயும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். ஆணி, வில், தகட்டு இடுக்கு என்று கை போகாத இடங்களில் அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். மீன் வெட்டியிருந்தாலும் இறால் உரித்திருந்தாலும் அன்றைக்கே கழுவுங்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, உலோகப் பிடியோ பிளாஸ்டிக் பிடியோ உள்ள கத்தியை முக்கி, தண்ணீருக்குள்ளேயே பத்துத் தடவை திறந்து மூடுங்கள். பழைய பல் பிரஷால் ஆணியைச் சுற்றியும், தென்னை ஈர்க்கின் நுனியில் துணி சுற்றி இடுக்குகளையும் துப்புரவாக்குங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே வைத்தால் கழுவியதும் கழுவாததும் ஒன்று. கடைசி அலசலைக் குடிக்கும் தண்ணீரில் செய்யுங்கள், ஒரு கப் போதும். துடைத்து, அலகைத் திறந்தபடி மின்விசிறிக்கு முன் அரை மணி நேரம் வையுங்கள். மாரியில் ஒரு மணி நேரம்.

மரப்பிடிக் கத்தியை முக்க வேண்டாம். ஒப்பினெலின் பிடி பீச் மரம், ஈரம் குடித்தால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். மாரியில் திறக்க மறுத்தால் நகத்தை உடைக்காமல், பிடியின் பின்முனையை மேசையில் தட்டுங்கள், அலகு கொஞ்சம் வெளியே வரும். பிடியைத் துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு மெல்லிதாக எண்ணெய் பூசினால் ஈரம் குடிப்பது குறையும்.

பலாப்பால் ஒட்டினால் சவர்க்காரத்தால் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துணியால் வழித்து, அதன் பிறகு சவர்க்காரம். மாங்காயும் தேசிக்காயும் வெட்டிய கார்பன் அலகை உடனே துடைக்க வேண்டும், புளிப்பு அதைக் கறுப்பாக்கும்.

எண்ணெய்

ஆணியின் இரு பக்கமும் ஒவ்வொரு துளி, வில் உள்ள கத்தி என்றால் வில்லும் அலகும் உரசும் இடத்தில் இன்னொரு துளி. திறந்து மூடி, வெளியே வந்ததைத் துடைத்துவிடுங்கள். கூட விட்டால் மணலும் சட்டைப்பைத் தும்பும் சேர்ந்து கறுப்புப் பசையாகும். தையல் மெஷின் எண்ணெய் ஆணிக்கு நல்லது. சாப்பாட்டுப் பொருள் வெட்டும் கத்திக்குப் பாமசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபின் இன்னும் நல்லது, மணமும் இல்லை, கெட்டும் போகாது. தேங்காய் எண்ணெயை அலகில் மெல்லிதாகத் தடவி அடுத்த நாள் துடைக்கலாம், ஆணிக்குள் விட வேண்டாம். டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றவும் இறுகிய பிசினை இளக்கவும் நல்ல சாமான். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், அதை அடித்துவிட்டு எண்ணெய் விட்டாயிற்று என்று இருக்கக் கூடாது.

லைனர் லாக் கத்தியில் தகடு அலகின் அடியைத் தாங்கும் முகத்தில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் ஈர்க்கில் சுற்றிய துணியால் துடைத்து எடுங்கள். பூட்டே இல்லாததைவிட வழுக்கும் பூட்டு ஆபத்து, ஏனென்றால் நீங்கள் அதை நம்பிக் குத்துவீர்கள். பூட்டைச் சோதிக்க, அலகைத் திறந்து முதுகை மரப் பலகையில் மெதுவாக அழுத்துங்கள், விரல்கள் அலகு மடங்கும் வழியில் இல்லாமல். பலமாக அடிக்கத் தேவையில்லை, அடித்தால் நல்ல பூட்டும் கெடும். தகடு அலகின் அடித் தடிப்பைக் கடந்து மறுபக்கப் பிடியைத் தொடுமளவு வந்திருந்தால் பூட்டுத் தேய்ந்துவிட்டது.

அலகு பக்கவாட்டில் ஆடினால் ஆணித் திருகு தளர்ந்திருக்கிறது. பல கத்திகளில் அது நட்சத்திரத் தலை, டோர்க்ஸ் 8. பிடியின் சிறு திருகுகள் டோர்க்ஸ் 6. சரியான அளவுக் கருவி இல்லாமல் சாதாரண ஸ்குரூட்ரைவரால் முயன்றால் தலை வட்டமாகும், அப்புறம் கழற்றவே முடியாது. கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, ஆட்டம் போய் அலகு இலகுவாகச் சுழலும் இடத்தில் நிறுத்துங்கள். திரும்பத் திரும்பத் தளர்ந்தால் நீல நிறத் திருகுப் பசை ஒரு பொட்டு. சிவப்பு வேண்டாம், அதைச் சூடாக்காமல் கழற்றுவது கஷ்டம். அலகு மேலும் கீழுமாக ஆடினால் திருகு காரணம் இல்லை, பூட்டுத்தான். ஆணி அறைந்து மூடிய கத்தியைக் கழற்ற நினைக்கவே வேண்டாம்.

கறள்

கார்பன் அலகில் வரும் நீலச் சாம்பல் நிறம் கறள் இல்லை, அது அலகைக் கொஞ்சம் காக்கவும் செய்யும். அதைத் தேய்த்து வெள்ளையாக்குவது வீண் வேலை. சிவப்பும் செம்மஞ்சளும் தான் எதிரி. புதுக் கறள் என்றால், சலித்த அடுப்புச் சாம்பலை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே போகும். அதற்கும் அசையாவிட்டால் 1000 கிரிட் வாட்டர் பேப்பரில் எண்ணெய் விட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்த கீறல் கடைசி வரைக்கும் கண்ணைக் குத்தும். குழி விழுந்த கறளை முழுதாக எடுக்க முயன்றால் அலகு மெலியும். உள்ளேயிருக்கும் சிவப்பை எடுத்து, எண்ணெய் பூசி, குழியை அப்படியே விடுங்கள். குழி வாயில் இருந்தால் மட்டும் அது மறையும் வரை தீட்ட வேண்டியதுதான்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் வாடையும் மழையும் சேரும்போது, பாவிக்காத கத்தியையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தோல் உறைக்குள் வைத்துவிட வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து அலகோடு ஒட்டிவைக்கும். மோட்டார் சைக்கிள் பெட்டியும் சரியில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் மாரி முழுக்கக் கவலையில்லை.

முனை உடைந்தால்

டின் மூடி நெம்பி முனையை உடைப்பது எல்லோரும் செய்வது. அதைச் சரிசெய்யும்போது வாய்ப் பக்கத்தைத் தேய்த்து மேலே கொண்டுபோகாதீர்கள். அப்படிச் செய்தால் புது முனை முதுகுப் பக்கமாக ஏறிவிடும், கத்தியை மடக்கினால் முனை பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டைப்பையையும் விரலையும் கிழிக்கும். முதுகுப் பக்கத்திலிருந்துதான் இரும்பை எடுக்க வேண்டும். கரட்டுக் கல்லில் முதுகைச் சாய்வாக வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே, முதுகு இறங்கி வந்து வாயைச் சந்திக்கும் வரை தேயுங்கள். ஒவ்வொரு இருபது இழுவைக்கும் ஒருமுறை கத்தியை மடக்கி, முனை பிடிக்குள் அடங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 2 மி.மீ. உடைந்திருந்தால் அரை மணி நேரம் பிடிக்கும். முனைக்குப் பக்கத்து வாயை 1000இல் நாலு இழுவை இழுத்து, பிசிரை எடுத்து, ஆணியைக் கழுவி எண்ணெய் விடுங்கள்.